அத்தியாயம் 9: பனிச்சாலையில் ஒல்லி ஸ்டெப்னி

கனடாவில் ஓடும் நடுத்தர எஸ்.யூ.வி. ஒன்றின் டிக்கித் தரையைத் தூக்கிப் பார்த்தால் மூன்றில் ஒன்று இருக்கும்: மற்ற நான்கைப் போலவே முழு அளவிலான ஒரு சக்கரம், மெலிந்து கறுத்த ஒரு தற்காலிகச் சக்கரம், அல்லது சக்கரமே இல்லாமல் ஒரு குட்டிக் கம்ப்ரெஸரும் பஞ்சர் அடைக்கும் திரவப் புட்டியும். இந்த அத்தியாயம் நடுவில் உள்ளவர்களுக்கு. வண்டியோ ஃபோர் வீல் டிரைவ், சாலையிலோ பனி, நான்கில் ஒரு காலாக நிற்பதோ ஒல்லி ஸ்டெப்னி. இப்படி மாட்டிக்கொண்டால் என்ன செய்வது?

முதலில் அந்தச் சக்கரத்தின் பக்கச்சுவரைத் துடைத்துவிட்டுப் படியுங்கள். டி155/80டி17 என்பதுபோல ஓர் எண் இருக்கும். முதலில் வரும் டி எழுத்துக்குத் தற்காலிகம் என்று பொருள். அருகிலேயே காற்றழுத்தம் போட்டிருக்கும்: 420 கிலோபாஸ்கல், அதாவது 60 பி.எஸ்.ஐ. உங்கள் சாதாரண டயருக்குப் போடுவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. டயரைத் தாங்கும் இரும்பு டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் வில்லையில் மணிக்கு 80 கி.மீ. என்ற உச்சவரம்பு. அந்த 80 காய்ந்த சாலைக்கான கணக்கு. பனிக்கு அல்ல.

பனியில் இந்தச் சக்கரத்தோடு ஓட்டும்போது இரண்டு தனித்தனிச் சிக்கல்கள் வருகின்றன. பலர் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று, சக்கரத்தின் அளவு வித்தியாசத்தால் வண்டியின் இயந்திரப் பாகங்களுக்கு வரும் சிரமம். மற்றது, தரையில் பிடிமானம் இல்லாமை. வேடிக்கை என்னவென்றால் இவை இரண்டும் எதிரெதிர்த் திசையில் வேலை செய்கின்றன. பனி மூடிய தரையில் சக்கரங்கள் கொஞ்சம் வழுக்கிக்கொடுப்பதால் இயந்திரத்துக்குச் சிரமம் குறைவு. ஆனால் பிடிமானம் மோசம். உப்புத் தூவிச் சுத்தமாக்கிய நெடுஞ்சாலையில் பிடிமானம் பரவாயில்லை. இயந்திரம் அங்கேதான் வதைபடும். ஒன்டாரியோவில் குளிர்காலப் பயணம் என்றால் இரண்டும் மாறி மாறி வரும். வீட்டுத் தெருவில் பனி, 401 நெடுஞ்சாலையில் ஈரத் தார், இறங்கியதும் மறுபடி பனி. ஆகவே ஒன்றுக்கு மட்டும் தயாரானால் போதாது.

அளவு வித்தியாசம் எவ்வளவு?

இந்த வகை எஸ்.யூ.வி.க்களில் பரவலாக இருக்கும் அளவு 225/65ஆர்17. அதன் சுற்றளவு சுமார் 2,275 மில்லிமீட்டர். மேலே சொன்ன டி155/80டி17 ஸ்டெப்னியின் சுற்றளவு சுமார் 2,136. ஏறக்குறைய 6 சதவீதம் குறைவு. ஒரு கிலோமீட்டர் ஓடும்போது பெரிய சக்கரம் 439 சுற்று சுற்றினால் சின்னது 468 சுற்று சுற்ற வேண்டும். 29 சுற்று அதிகம், அதுவும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும். எல்லா வண்டிகளிலும் வித்தியாசம் இவ்வளவு இருக்காது. சில நிறுவனங்கள் ஸ்டெப்னியின் சுற்றளவை முடிந்தவரை நெருக்கமாக வைக்கின்றன. உங்கள் இரண்டு டயர்களின் எண்ணையும் எழுதிவைத்துக்கொண்டு வீட்டிலேயே கணக்குப் போட்டுப் பாருங்கள்; பத்து நிமிட வேலை.

ஒரே அச்சில் இருக்கும் இடது வலது சக்கரங்களுக்கு இடையிலான வித்தியாசத்தை டிஃபரன்ஷியல் ஏற்றுக்கொள்ளும். வளைவில் திரும்பும்போதெல்லாம் அது செய்கிற வேலைதான். ஆனால் வளைவு சில நொடிகளில் முடிந்துவிடும். ஸ்டெப்னி போட்டால் நேர்ச்சாலையிலும் அது ஓயாமல் உழைக்க வேண்டும். மீதி வித்தியாசம் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே போய் நிற்கிறது. ஃபோர் வீல் வண்டியில் அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தே எல்லாம்.

பிக்கப் டிரக்குகள், ஜீப் ராங்ளர் போன்றவற்றில் பலவற்றுக்கு நடு டிஃபரன்ஷியல் கிடையாது. நான்கு சக்கரமும் இயங்கும் 4எச்-க்கு மாற்றினால் முன்னும் பின்னும் ஒரே இரும்பாகப் பூட்டிக்கொள்ளும். நான்கும் ஒரே அளவாக இருந்தாலே காய்ந்த தரையில் 4எச்-இல் திருப்பினால் வண்டி இழுத்துக்கொண்டு குதிக்கும். சின்னச் சக்கரத்தோடு அப்படி ஓட்டினால் இரண்டு அச்சுக்கும் விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸில் முறுக்கு ஏறிக்கொண்டே போகும். 2எச்-இல், அதாவது இரண்டு சக்கர இயக்கத்தில், ஓட்டுங்கள். முழுக்கப் பனி மூடிய தெருவிலிருந்து வண்டியை வெளியே எடுக்க நடைவேகத்தில் சில மீட்டர் 4எச் போட்டால் ஒன்றும் ஆகிவிடாது என்பது என் கருத்து. கறுப்புத் தார் கண்ணில் பட்டதும் எடுத்துவிடுங்கள்.

ஹோண்டா சி.ஆர்.-வி., மாஸ்டா சி.எக்ஸ்.-5 போன்றவை வேறு ரகம். சாதாரணமாக முன்சக்கரங்களே இழுக்கும். முன்சக்கரம் வழுக்குவதாகக் கணினிக்குத் தெரிந்தால் பின்னால் இருக்கும் கிளட்ச் தட்டுகள் இறுகி, பின்சக்கரங்களுக்கும் விசை போகும். ஸ்டெப்னியை முன்னால் மாட்டினால் அந்தச் சக்கரம் வேகமாகச் சுற்றுவதை வழுக்கல் என்று கணினி எண்ணிக்கொள்ளும். கிளட்ச் இறுகும், விடும், மறுபடி இறுகும், சூடேறும். சூடு எல்லை மீறினால் பெரும்பாலான வண்டிகள் தாமாகவே பின் இயக்கத்தை நிறுத்திவிட்டு டாஷ்போர்டில் எச்சரிக்கை காட்டும். அந்த விளக்கைப் பார்த்துப் பதறத் தேவையில்லை. வண்டி தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. ஆனால் அந்த நொடியிலிருந்து உங்களிடம் இருப்பது டூ வீல் டிரைவ். மேடு ஏறிக்கொண்டிருக்கும்போது இது நடந்தால் என்ன ஆகும் என்று முன்பே யோசித்து வையுங்கள்.

எந்நேரமும் நான்கு சக்கரத்துக்கும் விசை அனுப்பும் வண்டிகளில் சுபாரு பிரபலம். நான்கு டயரின் சுற்றளவும் கால் அங்குலத்துக்குள், அதாவது சுமார் 6 மில்லிமீட்டருக்குள், ஒத்திருக்க வேண்டும் என்பது சுபாரு வைத்திருப்போருக்கு நன்கு தெரிந்த விதி. நம் ஸ்டெப்னி வித்தியாசம் 139 மில்லிமீட்டர்! 1990களிலும் 2000களிலும் வந்த ஆட்டோமேட்டிக் சுபாருக்கள் பலவற்றில் எஞ்சின் அறைக்குள் எஃப்.டபிள்யூ.டி. என்று எழுதிய ஒரு காலி ஃப்யூஸ் துளை இருக்கும். ஸ்டெப்னி மாட்டும்போது உபரி ஃப்யூஸ் ஒன்றை எடுத்து அதில் செருகினால் பின்சக்கரங்களுக்குப் போகும் விசை நிற்கும். டாஷ்போர்டிலும் அதே மூன்று எழுத்துகள் எரியும். பிந்தைய மாடல்கள் பலவற்றில் இந்த வசதி இல்லை. பழைய வண்டியை வாங்கி ஓட்டுகிறீர்கள் என்றால் அந்தத் துளை எங்கே இருக்கிறது என்று இன்றே தேடிப் பாருங்கள். இருட்டில், பனிக்காற்றில், கையுறையோடு தேடுகிற காரியமல்ல அது. வழக்கமான டயரை மறுபடி மாட்டியதும் ஃப்யூஸைப் பிடுங்க மறக்காதீர்கள்.

டொயோட்டா ராவ்4 ஹைபிரிட் போன்ற வண்டிகளில் பின்சக்கரங்களைத் தனி மின்மோட்டார் இயக்குகிறது. முன்னுக்கும் பின்னுக்கும் இடையே தண்டே இல்லை. முறுக்கேற இடமில்லாததால் முதல் சிக்கலில் பாதி அவர்களுக்கு இல்லை.

முன்னாலா, பின்னாலா?

முன்பக்க டயர் பஞ்சரானால் ஸ்டெப்னியை அப்படியே அங்கே மாட்டுவதா, அல்லது பின்னாலிருக்கும் நல்ல சக்கரத்தை முன்னால் கொண்டுவந்து ஸ்டெப்னியைப் பின்னால் போடுவதா? உங்கள் வண்டிக் கையேடு என்ன சொல்கிறதோ அதுவே முடிவு. சுபாரு கையேடுகள் பல பின்னால்தான் போட வேண்டும் என்று தெளிவாகச் சொல்கின்றன. முன்சக்கர இயக்கத்தை அடிப்படையாகக் கொண்ட வண்டிகளுக்கு அதில் நியாயம் இருக்கிறது. திருப்புவது முன்சக்கரம், பிரேக்கின் பெரும்பங்கு வேலையும் முன்சக்கரத்தில், சில வண்டிகளில் முன் பிரேக் காலிப்பர் பெரிது என்பதால் ஒல்லி டிஸ்க் அங்கே உட்காரவே உட்காராது. முன்னால் வலப்பக்கம் ஸ்டெப்னி இருக்கும்போது பனியில் பிரேக் போட்டால் நல்ல டயர் உள்ள இடப்பக்கம் வண்டி இழுக்கும். எதிரே வரும் லாரியும் அந்தப் பக்கம்தான்.

பின்னால் போடுவதிலும் ஆபத்து உண்டு. அதை யாரும் சொல்வதில்லை. பின் அச்சில் பிடிமானம் குறைந்தால் வளைவில் வால் வீசும். முன் வழுக்கினால் வண்டி நேராகப் போகப் பார்க்கும். பின் வழுக்கினால் சுழலும். பழகாத ஓட்டுநருக்குச் சுழற்சியைச் சமாளிப்பது கடினம். கனடாவில் 2011 செப்டம்பர் 1 முதல் தயாரான பயணிகள் வண்டிகளில் மின்னணு நிலைக்கட்டுப்பாடு கட்டாயம். அது ஓரளவு காப்பாற்றும். அதை அணைக்கும் பொத்தானைத் தொடாதீர்கள். பின் டிஃபரன்ஷியல் லிமிடெட் ஸ்லிப் வகையாக இருந்தால் அங்கே அளவு மாறிய சக்கரம் அதற்கு ஆகாது; கையேட்டை இன்னொரு முறை பாருங்கள்.

சக்கரம் இடம் மாற்றுவதென்றால் இரண்டு முறை ஜாக்கி போட வேண்டும். பெட்ரோல் பங்க்கின் சமதளத்தில் என்றால் தாராளமாகச் செய்யுங்கள். 400 வரிசை நெடுஞ்சாலைகளின் ஓரத்தில் பனி பெய்யும்போது ஒருமுறைகூட ஜாக்கி போடாதீர்கள். அங்கே நீங்கள் காக்க வேண்டியது உங்கள் காலை, வண்டியின் டிஃபரன்ஷியலை அல்ல. விளக்குகளை மின்னவிட்டு உதவிக்கு அழையுங்கள். டொராண்டோ சுற்றுவட்டத்தில் 401, 400, 427 முதலியவற்றின் சில பகுதிகளில் 2021 டிசம்பர் முதல் மாகாணம் அனுமதித்த இழுவை வண்டிகள் மட்டுமே வேலை செய்யலாம். கூப்பிடாமல் வந்து நிற்கும் டோ டிரக்காரரிடம் சாவியைக் கொடுக்க வேண்டாம். எந்த நிறுவனம் வந்தாலும் ஃபோர் வீல் வண்டி என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லி, நான்கு சக்கரமும் தரையைத் தொடாமல் மேலே ஏற்றிப்போகும் தட்டை டிரக்தான் வேண்டும் என்று கேளுங்கள். இரண்டு சக்கரத்தைத் தூக்கி இரண்டை உருளவிட்டால், ஸ்டெப்னியால் வரக்கூடிய அதே சேதம் இன்னும் வேகமாக வந்து சேரும்.

குளிரில் சக்கரம் கழற்றுவது

தலையில் மாட்டும் விளக்கு, ரப்பர் பூச்சுள்ள கையுறை, முழங்காலுக்கு ஒரு பழைய மிதியடி, ஓரடிச் சதுரமான ஒட்டுப்பலகை: இவை டிக்கியில் இருக்கட்டும். பலகை ஜாக்கிக்கு அடியில் போட. பனியின் மேல் ஜாக்கியை வைத்தால் எடை ஏற ஏற அது சாய்ந்துகொண்டே உள்ளே போகும். தார் தெரியும்வரை பனியைச் சுரண்டிவிட்டுப் பலகையை வையுங்கள். வண்டியைத் தூக்குவதற்கு முன்பே நட்டுகளைக் கால் சுற்றுத் தளர்த்திவிட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

தெரியாதது அதன் பிறகு வரும். ஐந்து நட்டும் கழன்றாலும் சக்கரம் அசையாது. சாலை உப்பால் ஹப்பும் டிஸ்க்கும் துருவோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஜாக்கியின் மேல் நிற்கும் வண்டியை ஆத்திரத்தில் உதைத்தால் வண்டி கீழே விழும். எல்லா நட்டுகளையும் கையால் தளர்வாக மாட்டிவிட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, முன்னும் பின்னும் அரை மீட்டர் மெல்ல நகர்த்துங்கள். ‘டக்’ என்று விடும். பிறகு மறுபடி தூக்கிக் கழற்றலாம். அலாய் வீலுக்கான நட்டு இரும்பு டிஸ்க்குக்குப் பொருந்தாத வண்டிகளும் உண்டு. ஸ்டெப்னிக்குத் தனி நட்டு தந்திருக்கிறார்களா என்று டிக்கியைப் பாருங்கள். மாட்டியபின் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் நட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும்.

காற்றையும் பாருங்கள். வெதுவெதுப்பான கராஜில் 20 டிகிரியில் 420 கிலோபாஸ்கல் அடைத்த ஸ்டெப்னி, மைனஸ் 20 டிகிரியில் எந்த ஓட்டையும் இல்லாமலே 350 அளவுக்கு இறங்கிவிடும். அடைத்து ஐந்தாறு வருடம் ஆகியிருந்தால் இன்னும் கீழே. காற்றிறங்கிய ஸ்டெப்னி இன்னும் குள்ளமாகும். அளவு வித்தியாசம் கூடும். சிகரெட் லைட்டர் துளையில் செருகும் கம்ப்ரெஸர் ஒன்றை வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஓட்டும்போது

மெல்லிய டயர் பனியைக் கிழித்துக்கொண்டு போகும், ஆகவே ஒல்லி ஸ்டெப்னி பனிக்கு நல்லது என்று ஒரு வாதம் கேட்டிருப்பீர்கள். குளிர்கால டயருக்கு அது உண்மைதான். அகலம் குறைந்தால் புதுப்பனியில் நல்லது. ஸ்டெப்னிக்குப் பொருந்தாது. அதன் பட்டன் ஆழமில்லாதது. பனியைக் கவ்வும் மெல்லிய வெட்டுகள் அதில் இல்லை. ரப்பரும் குளிருக்கானது அல்ல. குளிர்கால டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழேயும் நெகிழ்வாக இருப்பதற்காகச் செய்தது. ஸ்டெப்னி ரப்பர் மைனஸ் 15இல் மரக்கட்டையாகிவிடும். போதாக்குறைக்கு 60 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் தரையைத் தொடும் பரப்பும் சுருங்கிவிடும்.

அதனால் பனி இருக்கும் இடத்தில் 50ஐத் தாண்ட வேண்டாம் என்பதே என் ஆலோசனை. 401இல் அந்த வேகத்தில் போவது மற்றவர்களுக்கும் உங்களுக்கும் ஆபத்து. இறங்கிவிடுங்கள். டொராண்டோவிலிருந்து கிழக்கே போகிறவர்களுக்கு 401ஐ ஒட்டியே பழைய இரண்டாம் நெடுஞ்சாலை, அதாவது கிங்ஸ்டன் ரோடு, ஓடுகிறது. பாரி பக்கம் போகிறவர்களுக்கு 400க்குப் பதிலாக யங் ஸ்ட்ரீட்டின் வடக்குத் தொடர்ச்சி இருக்கிறது. நேரம் அதிகம் ஆகும். வேகம் குறைந்த சாலை என்பதே அதன் பலன்.

ஃபோர் வீல் வண்டி வழக்கமாகத் தரும் தைரியத்தை இன்றைக்கு நம்பாதீர்கள். நான்கு சக்கர இயக்கம் வண்டியைக் கிளப்ப உதவும்; நிறுத்துவதற்கு அது எப்போதுமே உதவியதில்லை. இப்போது நான்கில் ஒரு டயர் பிரேக்குக்குப் பாதிகூட உதவாது. முன்னே போகும் வண்டிக்கும் உங்களுக்கும் இடையே வழக்கமான இடைவெளியைப்போல இரண்டு மடங்கு விடுங்கள். வளைவுக்கு முன்பே நேர்ச்சாலையில் வேகத்தைக் குறைத்து முடித்துவிடுங்கள். வளைவுக்குள் பிரேக்கும் வேண்டாம், ஆக்ஸிலரேட்டரைத் திடீரென விடவும் வேண்டாம். க்ரூஸ் கண்ட்ரோலைத் தொடாதீர்கள். டயர் அழுத்த விளக்கு எரிந்தால் பதற வேண்டாம்; ஸ்டெப்னிக்குள் சென்சார் இல்லாததால் பெரும்பாலும் அப்படித்தான் எரியும். ஸ்டெப்னியின் மேல் சங்கிலி கட்டக் கூடாது. பொருந்தாது, பிய்த்துக்கொண்டு பிரேக் குழாயை அறுத்துவிடும்.

வாகன நிறுத்துமிடத்தில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது வண்டி திணறினாலோ, பின்னாலிருந்து கருகிய எண்ணெய் வாசனை வந்தாலோ, அதற்கு மேல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்ட வேண்டாம்.

எங்கே ஸ்டெப்னியை நம்பவே கூடாது?

டயர் கடை அடுத்த ஊரில் இருக்கிறது என்றால் ஸ்டெப்னி போதும். சுப்பீரியர் ஏரிக்கரையோரம் போகும் 17ஆம் நெடுஞ்சாலை வேறு கதை. சூ செயின்ட் மரியிலிருந்து வாவா ஊர் வரை 200 கிலோமீட்டருக்கு மேல் காடும் ஏரியும்தான். பனிப்புயலில் அந்தச் சாலையை மூடிவிடுவதும் உண்டு. கைபேசிச் சிக்னல் பல இடங்களில் கிடைக்காது. கிளம்பும் முன் ஒன்டாரியோ 511 சேவையில் சாலை நிலவரம் பாருங்கள். பனியில் சிக்கி எஞ்சினை ஓடவிட்டு உட்கார்ந்திருக்க நேர்ந்தால், புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை அடிக்கடி அகற்றுங்கள். அடைபட்டால் கார்பன் மோனாக்ஸைடு உள்ளே வரும், வாசனையே தெரியாது.

இப்படிப்பட்ட பயணங்களுக்குச் செலவில்லாத ஒரு வழி பலருடைய கராஜிலேயே கிடக்கிறது. குளிர்கால டயர்களைத் தனி டிஸ்க்கில் வைத்திருப்பவர்களுக்கு, நவம்பர் முதல் ஏப்ரல் வரை மற்ற நான்கு சக்கரங்கள் மூலையில் சும்மா அடுக்கியிருக்கும். அதில் ஒன்றை டிக்கியில் போட்டுக்கொண்டு போங்கள். குளிர்கால டயர் அளவுக்குப் பிடிக்காது. ஆனால் ஸ்டெப்னியைவிட எவ்வளவோ மேல். சுற்றளவும் கிட்டத்தட்ட ஒத்துப்போவதால் டிஃபரன்ஷியலுக்குத் தொல்லையில்லை. டிக்கித் தரைக்கு அடியிலுள்ள குழியில் அது அடங்காது. மேலே படுக்கவைத்துப் பட்டையால் கட்டுங்கள். மோதலில் பறந்து வந்தால் இருபது கிலோ எடை.

பழுதான டயரைக் கடையில் கொடுக்கும்போது இன்னொன்றையும் கேளுங்கள். மற்ற மூன்றும் பாதி தேய்ந்திருந்து ஒன்றை மட்டும் புதிதாகப் போட்டால், ஸ்டெப்னியால் வந்த அதே அளவுச் சிக்கல் சிறிய உருவில் நிரந்தரமாக வந்துவிடும். தேய்மானத்தை அளந்துபார்த்து, தேவைப்பட்டால் அதே அளவு தேய்ந்த பழைய டயர் ஒன்றைத் தேடித் தரச் சொல்லுங்கள். இல்லையென்றால் நான்கையும் மாற்ற வேண்டிவரும். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம். ஒன்டாரியோவில் கட்டாயமில்லை, ஆனால் 2016 முதல் அங்கே எல்லாக் காப்பீட்டு நிறுவனங்களும் குளிர்கால டயருக்குத் தள்ளுபடி தந்தாக வேண்டும். அந்தத் தள்ளுபடியை வாங்குகிறவர்கள் மாற்று டயரும் குளிர்கால டயர்தானா என்று ரசீதில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இலையுதிர் காலத்தில் டயர் மாற்ற வண்டியை விடும்போது ஸ்டெப்னிக்கும் 420 காற்று அடைக்கச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் பெரும்பாலான கடைகளில் டிக்கித் தரையைத் தூக்கிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.